கனத்த இசையும் காக்கப்படாத செவியும்

டூம் மெட்டல் இசையைப் புதியவருக்கு அறிமுகப்படுத்தும் பரிந்துரைப் பட்டியல்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில் தொடங்குகின்றன: 1970 பிப்ரவரி 13 அன்று வெளிவந்த பிளாக் சபாத் குழுவின் முதல் ஆல்பம். மழையும் மணியோசையும் முன்னே செல்ல, மிக மெதுவாக விழும் மூன்று ஸ்வரங்கள் அந்த ஆல்பத்தைத் திறந்துவைக்கின்றன. அரை நூற்றாண்டுக்கு மேலாகியும் டூம் இசைக்கு இலக்கணம் கேட்போருக்கு அந்த மூன்று ஸ்வரங்களே விடையாகக் காட்டப்படுகின்றன.

அந்த ஒலி பிறந்த கதையையும் ரசிகர்கள் அறிவர். இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் தகடு வெட்டும் தொழிற்சாலை ஒன்றில் வேலைபார்த்த டோனி அயோமி, 17 வயதில் இயந்திரத்தில் சிக்கி வலக்கையின் இரு விரல் நுனிகளை இழந்தார். இடக்கைப் பழக்கமுடையவர் ஆதலால் கிட்டாரின் தந்திகளை அழுத்தும் கையே அது. பிளாஸ்டிக் புட்டியை உருக்கி விரலுறைகள் செய்துகொண்டார். மெல்லிய தந்திகளைப் பூட்டினார். 1971ஆம் ஆண்டின் 'மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி' ஆல்பத்தில் சுருதியையும் ஒன்றரைப் படி கீழே இறக்கினார். தளர்ந்த தந்தியிலிருந்து எழுந்த அந்தக் கனத்த ஒலியே பின்னாளில் ஓர் இசை வகையின் அடையாளமாயிற்று. அக்குழுவின் பாடகர் ஓசி ஆஸ்போர்ன் இளமையில் செய்த வேலைகளுள் ஒன்று, தொழிற்சாலையில் கார் ஹாரன்களின் ஒலியைச் சரிபார்ப்பது.

விரல் இழந்த கதை காவியமாகிவிட்டது. அதே தொழிற்சாலைகள் பறித்த செவிகளைப் பற்றி அந்தக் காவியத்தில் ஒரு வரியும் இல்லை. விரல் அறுபட்டால் குருதி தெரியும். செவி அறுபடும்போது எதுவும் தெரிவதில்லை. டூம் இசை தன் ஓசையைத் தொழிலாளரிடமிருந்து பெற்றது என்று பெருமைகொள்ளும் ரசிகர் சமூகம், அந்த ஓசை தொழிலாளரின் உடலில் எதை அழித்தது என்ற அறிவையும் சேர்த்தே பெற்றாக வேண்டும். எந்த ஆல்பத்தைக் கேட்பது என்ற பேச்சும், எந்தக் காப்போடு கேட்பது என்ற பேச்சும் பிரிக்கத்தக்கவை அல்ல. கோலார் தங்கவயலில் நின்று இந்த இசையைக் கேட்போருக்கு இது எளிதில் விளங்கும்.

இந்த இசையின் வரைபடத்தை விரித்தால் தொழில் நகரங்கள் மீண்டும் மீண்டும் தென்படுகின்றன. சுவீடனின் கேண்டில்மாஸ் 1986இல் வெளியிட்ட 'எபிகஸ் டூமிகஸ் மெட்டாலிகஸ்', இவ்வகைக்குப் பெயரை நிலைநாட்டிய ஆல்பம். ஓங்கிய குரலும் ஊர்வல நடையும் கொண்டது. புதியவர்கள் தொடங்க ஏற்றது. 1990களின் தொடக்கத்தில் துயரத்தை இன்னும் ஆழப்படுத்திய பாரடைஸ் லாஸ்ட், மை டையிங் பிரைட் ஆகிய குழுக்கள் ஹாலிஃபாக்ஸ், பிராட்ஃபோர்டு என்னும் கம்பளி ஆலை ஊர்களிலிருந்து வந்தவை. கலிஃபோர்னியாவின் ஸ்லீப் குழுவினுடைய 'டோப்ஸ்மோக்கர்' ஒரே பாடலாக ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடுகிறது. பொறுமையுள்ளவர்களுக்கு மட்டும் அதைப் பரிந்துரைக்கலாம். விளம்ப காலத்தின் அருமை அறிந்த தமிழ்ச் செவிக்கு இந்த நிதானம் அந்நியமாக இராது.

அந்த ஆலை ஊர்களைப் பற்றி மொழியியல் மாணவர் அறிய வேண்டிய செய்தி ஒன்று உண்டு. வடக்கு இங்கிலாந்தின் லங்காஷயர் நெசவாலைகளில் தறிகளின் இரைச்சலுக்கு இடையே குரலால் பேசுவது இயலாமற்போனது. எனவே உதடுகளை மிகையாக அசைத்து, சைகையும் சேர்த்துப் பேசும் முறை ஒன்றைத் தொழிலாளப் பெண்கள் வளர்த்தெடுத்தனர். அதற்கு 'மீ-மாயிங்' என்று பெயர். ஓர் இரைச்சல் புதிய பேச்சு முறையையே உண்டாக்கியது என்று வியக்கலாம். பேசும் உரிமையை இழந்தவர்கள் அதைச் சிறிதளவு மீட்டுக்கொண்ட வழி அது என்றும் அதைப் படிக்கலாம். இரண்டாவது வாசிப்பே உண்மைக்கு அருகில் இருக்கிறது.

இனித் தங்கவயல். 1880இல் ஜான் டெய்லர் நிறுவனம் இங்கே காலூன்றியது. வட ஆற்காடு, சேலம், தருமபுரி, சித்தூர்ப் பகுதிகளிலிருந்து வந்த தமிழ்க் குடும்பங்கள், பெரும்பான்மையும் தலித் குடும்பங்கள், பாறைக்குள் இறங்கின. 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் தரைக்குக் கீழே 3 கிலோமீட்டருக்கு மேல் ஆழம் சென்றது. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கங்கள் மூடப்பட்டன. எஞ்சியிருப்பவை சயனைடு மண்மேடுகளும், மாரிக்குப்பத்திலிருந்து பெங்களூருக்கு மனிதர்களைச் சுமந்து செல்லும் அதிகாலை ரயில்களும்.

இந்த வரலாற்றை ஒலிகளின் வரலாறாகவும் எழுதலாம். பணி மாற்றத்தை அறிவித்த சங்கு. தாதுக்கல்லை இடித்த ஆலைகளின் ஓயாத இடி. அழுத்தம் தாங்காமல் ஆழத்தில் பாறை வெடிக்கும்போது தரைமேல் வீடுகளையும் நடுங்கவைத்த உறுமல். இவற்றோடு, பூமிக்கு அடியில் குறுகிய வெளியில் நின்று காற்றழுத்தத் துளைப்பான் இயக்கியவரின் காதருகே எழுந்த ஓசை. அத்தகைய கருவிகளின் இரைச்சல் பொதுவாக 110 டெசிபலைத் தாண்டும். நான்கு புறமும் பாறை சூழ்ந்திருக்க, அந்த ஓசைக்குக் கலைந்து போக இடமில்லை.

சுரங்கத்தில் செவி ஒரு பாதுகாப்புக் கருவி. கூரைப் பாறையைக் கம்பியால் தட்டி, எழும் ஒலி கணீரென்று இருக்கிறதா பொள்ளலாக இருக்கிறதா என்று கேட்டே அதன் உறுதியை மதிப்பிடுவது சுரங்கத் தொழிலின் பழைய அறிவு. துளைப்பானின் இரைச்சல் அந்த அறிவின் வாயிலையே மூடியது. பாறைத்தூசியால் வந்த சிலிகோசிஸ் நோய் 1940களிலேயே தங்கவயலில் மருத்துவ ஆய்வுக்கு உள்ளாயிற்று. நுரையீரலைப் பற்றி எழுந்த பேச்சின் அளவுக்குச் செவியைப் பற்றிய பேச்சு எழவில்லை. வேலைக்குப் போனால் காது மந்தமாகும் என்பது முதுமையைப் போல இயல்பான ஒன்றாகக் கொள்ளப்பட்டது.

இரைச்சலால் வரும் செவிக்குறைபாட்டின் இயல்பே அதை மறைத்துக்கொள்கிறது. உட்செவியின் நத்தை வடிவச் சுருளில் சுமார் 15,000 மயிர்ச்செல்கள் இருக்கின்றன. மனிதரில் இவை அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. பேரிரைச்சல் முதலில் தாக்குவது 4,000 ஹெர்ட்ஸை ஒட்டிய பகுதியை. பேச்சில் உயிரொலிகளின் வலு பெரும்பாலும் அதற்குக் கீழே இருக்கிறது. ஸ, ஷ போன்ற உரசொலிகளும் வல்லின வெடிப்புகளின் கூர்மையும் மேலே இருக்கின்றன. ஆகவே பாதிக்கப்பட்டவருக்குச் சத்தம் கேட்கும், சொல் விளங்காது. எதிரில் இருப்பவர் முணுமுணுப்பதாகத் தோன்றும். குழந்தைகளின் குரல் முதலில் நழுவும். கூட்டத்தில் பேச்சைப் பின்தொடர இயலாமல் மனிதர் மெல்ல ஒதுங்குவார். வீட்டார் அதைக் கோபம் என்றோ அலட்சியம் என்றோ எண்ணுவர். தமிழ் வழக்கு இத்தகையவரை 'டமாரச் செவிடு' என்று கேலி செய்கிறது. செவிட்டுத்தன்மைக்கு ஒரு தோற்கருவியின் பெயரை அடைமொழியாக்கிய மொழி, பேரோசைக்கும் செவியிழப்புக்கும் உள்ள உறவை எங்கோ அறிந்திருக்கிறது போலும்; ஆனால் அந்த அறிவைப் பரிவாக்காமல் ஏளனமாக்கிவிட்டது.

இந்தப் பின்னணியோடு பெங்களூர் மெட்டல் அரங்குகளுக்குச் செல்லலாம். 2007இல் அயர்ன் மெய்டனும் 2011இல் மெட்டாலிகாவும் அரண்மனைத் திடலில் இசைத்தன. 2012இல் 'பெங்களூர் ஓப்பன் ஏர்' விழா தொடங்கியது. அதே ஆண்டு பெங்களூரின் டூம் குழுவான பேவர் ஸீ தன் முதல் ஆல்பத்தை வெளியிட்டது. அடுத்த ஆண்டு ஜின் அண்ட் மிஸ்கடோனிக் குழுவின் 'ஃபாரெவர் இன் தி ரெல்ம்' வந்தது. இந்தியாவில் டூம் கேட்கத் தொடங்குவோர் இவ்விரண்டிலிருந்தும் தொடங்கலாம். ஆங்கிலத்தில் கடலைக் காட்டும் பேவர் ஸீ என்ற பெயர், கன்னடத் தெருவழக்கின் 'பேவர்சி' என்ற வசைச்சொல்லை வைத்து ஆடிய விளையாட்டு. அச்சொல்லின் வேர் பாரசீக வழி வந்தது: 'பே' என்றால் இல்லாத, 'வாரிஸ்' என்றால் தமிழ் நன்கறிந்த வாரிசு. வாரிசற்றவன், கேட்பாரற்றவன் என்பதே அதன் மூலப்பொருள். தங்கம் தீர்ந்ததும் கேட்பாரற்றுப்போன ஓர் ஊரிலிருந்து 100 கிலோமீட்டர் தொலைவில், வாரிசற்றவன் என்ற பெயரோடு ஒரு டூம் குழு இசைப்பது தற்செயலே. ஆயினும் அந்தத் தற்செயல் ஒரு கேள்வியை எழுப்புகிறது: தொழிற்சாலை ஓசையின் வாரிசுகள் யார், அவர்கள் பெற்றுக்கொண்ட சொத்து எது?

டூம் ரசிகர்களின் பேச்சுவழக்கைக் கவனித்தால் விடை கவலையளிக்கிறது. காது கிழிந்தது என்பது இங்கே பாராட்டு. நிகழ்ச்சி முடிந்து இரண்டு நாள் காதில் ரீங்காரம் நிற்கவில்லை என்பது வீரத்தழும்பைக் காட்டும் தொனியில் சொல்லப்படுகிறது. ஒலிபெருக்கி அடுக்குகளின் முன்னே நிற்பது பக்தி. பின்னே நகர்வது பலவீனம். காதடைப்பான் அணிந்தவர் உண்மையான ரசிகரா என்ற ஐயம் கேலியாக எழுகிறது. துளைப்பான் இயக்குபவருக்குக் காது போவது இயல்பு என்ற பழைய சுரங்கப் பேச்சுக்கும் இதற்கும் இலக்கண வேறுபாடு சிறிதே. அங்கே இழப்பு விதி என்று சொல்லப்பட்டது. இங்கே விருது என்று சொல்லப்படுகிறது. இரண்டிலும் இழப்பைத் தடுக்கும் பொறுப்பு யாருக்கும் இல்லாமற்போகிறது.

அந்த ரீங்காரம் விருதன்று. உட்செவி எழுப்பும் அபாயச் சங்கு. ஓரிரு நாளில் அது அடங்குவதால் கேடு நீங்கிவிட்டது என்று கொள்வதற்கும் இல்லை. குஜாவா, லிபர்மன் ஆகியோர் 2009இல் எலிகளைக் கொண்டு வெளியிட்ட ஆய்வில், கேட்கும் திறன் சோதனையில் முழுமையாக மீண்டுவிட்ட பின்னரும் மயிர்ச்செல்லுக்கும் நரம்புக்கும் இடையிலான இணைப்புகள் நிரந்தரமாக அழிந்திருந்தன.

கணக்கு எளியது. அமெரிக்கத் தொழில் நலவாழ்வு ஆய்வு நிறுவனமான நயோஷ் பரிந்துரைக்கும் வரம்பு, நாளொன்றுக்கு 85 டெசிபலில் 8 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபல் ஏற்றத்துக்கும் நேரம் பாதியாகும். 100 டெசிபலில் 15 நிமிடம். 103 டெசிபலில் ஏழரை நிமிடம். அது பல டூம் பாடல்களின் நீளத்தைவிடக் குறைவு. அதே அரங்கில் ஒலியை 15 டெசிபல் குறைக்கும் காதடைப்பானைச் சரியாக அணிந்தால் செவியை அடைவது 88 டெசிபல். அதற்கான வரம்பு 4 மணி நேரம். ஒரு பாடலுக்கும் போதாத நேரம், முழு இரவுக்கும் போதுமானதாகிறது.

ரசிகர் தரப்பின் முதல் மறுப்பு மதிக்கத்தக்கது. டூம் இசையில் உரப்பு என்பது அலங்காரம் அன்று. அதுவே இசையின் மூலப்பொருள், அதைக் குறைத்தால் எஞ்சுவது வேறொரு இசை என்பர். உண்மைதான். எனினும் காதடைப்பானால் குறைவாக இழக்கும் மெட்டல் வகையும் டூமே. இறக்கிய சுருதியும் தாழ்ந்த அதிர்வெண்ணும் நெஞ்சுக்கூட்டாலும் தரை வழியாகக் கால்களாலும் உணரப்படுகின்றன. காதடைப்பான் அந்த வழிகளை அடைப்பதில்லை. மலிவான நுரைக் காதடைப்பான் உயர் அதிர்வெண்களைக் கூடுதலாக வெட்டுவதால் ஒலி சற்று மங்கும் என்பது சரி. எல்லா அதிர்வெண்களையும் ஏறக்குறைய சமமாகக் குறைக்கும் இசைஞர் காதடைப்பான்கள் 1980களின் இறுதியிலிருந்தே கிடைக்கின்றன. அவற்றுக்குப் பணமில்லாதவருக்கு நுரையே போதும். அதை விரல்களால் நன்றாக உருட்டி மெல்லியதாக்கி, மறுகையால் காதுமடலை மேல்நோக்கி இழுத்துப் பிடித்து, உள்ளே செலுத்தி, விரியும்வரை விரலால் தாங்கிக்கொள்ள வேண்டும். காது வாயிலில் ஒட்டிவைத்தாற்போல் நிற்கும் நுரை, உறையில் அச்சிட்ட அளவில் ஒரு பங்கைக்கூடக் காக்காது.

இரண்டாவது மறுப்பு ஆய்வுலகிலிருந்து வரக்கூடியது, இன்னும் கூர்மையானது. இரைச்சல் என்ற சொல் நடுநிலையானதன்று. எவருடைய ஓசை இசை, எவருடைய ஓசை இரைச்சல் என்பதைச் சாதியும் வர்க்கமும் முடிவுசெய்து வந்திருக்கின்றன. பறையொலியைத் தீட்டாகவும் தொல்லையாகவும் கேட்ட செவிகள் வரலாற்றில் உண்டு. செவிப் பாதுகாப்புப் பேச்சு, ஒடுக்கப்பட்டோரின் ஓசையை அடக்கும் நாகரிகப் பேச்சின் மறுவடிவம் ஆகிவிடாதா?

இந்த ஐயத்தைத் தள்ளிவிட முடியாது. ஆனால் இரண்டு செவிகளைப் பிரித்தறிய வேண்டும். ஒன்று, ஓசையைக் கேட்டு முறையிடும் அண்டைவீட்டாரின் செவி. மற்றொன்று, ஓசையை உண்டாக்குபவரின், அதன் நடுவே நிற்பவரின் செவி. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் முதல் செவிக்காக எழுதப்பட்டவை. இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கிக்குத் தடை, குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல் என்ற அவற்றின் ஏற்பாடுகள் அரங்குக்கு வெளியே இருப்பவரைக் காக்கின்றன. உள்ளே நிற்பவரின் செவி அவற்றின் அக்கறை அன்று. இங்கே பேசப்படுவது இரண்டாவது செவி. துளைப்பான் இயக்கியவரின் செவியைக் காப்பது சுரங்கத்தை மௌனமாக்குவது ஆகாது. பறையடிப்பவரின் செவியைக் காப்பது பறையை அடக்குவதும் ஆகாது. உழைக்கும் செவியை யாரும் பொருட்படுத்தாமல் விட்டதே சாதியின், வர்க்கத்தின் செயல். அந்தப் புறக்கணிப்பை முற்போக்கின் பெயரால் தொடர வேண்டியதில்லை.

மூன்றாவது மறுப்பு: காது அவரவருடையது, முடிவும் அவரவருடையது. வர்க்கக் கேள்வி இங்கேதான் நேரடியாக நுழைகிறது. செவி, பணியிட ஓசைக்கும் கேளிக்கை ஓசைக்கும் தனித்தனிக் கணக்கு வைப்பதில்லை. அமைதியான அலுவலகத்தில் நாளெல்லாம் இருந்துவிட்டு மாலை அரங்குக்கு வரும் ரசிகர் தன் அன்றைய அளவு முழுவதையும் கையில் வைத்திருக்கிறார். தங்கவயலிலிருந்து ரயிலேறி, பெங்களூரின் பட்டறையிலோ ஆலையிலோ இயந்திரத்தின் முன் எட்டு மணி நேரம் நின்றுவிட்டு அதே அரங்குக்கு வரும் இளைஞர், அந்த அளவை வேலையிலேயே செலவழித்துவிட்டு வருகிறார். ஒரே நுழைவுச்சீட்டு, ஒரே ஓசை. விலை மட்டும் வேறு. இரைச்சலால் வரும் செவிக்குறைபாடு 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தில் அறிவிக்கப்பட வேண்டிய தொழில்நோயாகச் சேர்க்கப்பட்டது. பகலில் சட்டம் நோய் என்று பெயரிட்டதை இரவில் தனிமனிதத் தெரிவு என்று ஒதுக்கிவிடுவது முரண்.

மேடைக்குக் கீழே நிற்பவர்கள் மட்டுமல்ல, ஒலிப்பொறியாளர், மேடைப் பணியாளர், மது பரிமாறுபவர், வாயிற்காவலர் ஆகியோருக்கும் அரங்கு பணியிடமே. 2018இல் லண்டன் உயர் நீதிமன்றம், ஒத்திகையில் செவி பாதிக்கப்பட்ட வயோலா இசைஞர் கிறிஸ்டபர் கோல்ட்ஷைடரின் வழக்கில் ராயல் ஆப்பெரா ஹவுஸைப் பொறுப்பாளியாக்கியது. அடுத்த ஆண்டு மேல்முறையீட்டிலும் பொறுப்பு நிலைத்தது. கலையின் பயன் செவியின் இழப்புக்கு ஈடாகாது என்பதே அத்தீர்ப்பு தரும் பாடம்.

உலக நலவாழ்வு நிறுவனம் 2022இல் வெளியிட்ட அரங்குத் தரநிலை, 15 நிமிடச் சராசரி 100 டெசிபலைத் தாண்டலாகாது என்கிறது. ஒலியளவை நேரலையில் கண்காணித்தல், காதடைப்பான் கிடைக்கச் செய்தல், செவி ஓய்வெடுக்க அமைதியான இடம், பணியாளருக்குப் பயிற்சி ஆகியவற்றையும் அது கேட்கிறது. இவற்றில் எதுவும் இசையின் கனத்தைக் குறைப்பதில்லை. மை பிளடி வேலன்டைன் என்னும் குழு, தன் பேரோசைக்குப் பெயர்பெற்றது. அதன் நிகழ்ச்சிகளில் நுழைவாயிலிலேயே காதடைப்பான் வழங்கப்பட்டதுண்டு. அதனால் அக்குழுவின் புகழ் குறையவில்லை.

பல்கலைக்கழகங்கள் இதைத் தம்மிடமிருந்தே தொடங்கலாம். கல்லூரிக் கலைவிழாக்களில் ஒலிபெருக்கிக்கும் விளக்குக்கும் பணம் ஒதுக்கும் மாணவர் குழுக்கள், நுரைக் காதடைப்பான்களுக்கு ஒரு வரி ஒதுக்கினால் போதும். ஒலிபெருக்கி அடுக்குக்கு முன்னே சில அடி தூரத்தைக் கயிறு கட்டி மறிப்பதற்குப் பெருஞ்செலவில்லை. மொழியியல் துறைகளும் செவித்திறன் துறைகளும் சேர்ந்து, தங்கவயலின் முதிய தொழிலாளர்கள் எந்தெந்த ஒலிகளை இழந்திருக்கிறார்கள், பேச்சில் அவற்றை எவ்வாறு ஈடுசெய்கிறார்கள் என்று ஆராயலாம். நெசவாலைப் பெண்களின் உதட்டுப் பேச்சுக்குப் பெயரும் பதிவும் இருக்கின்றன. பாறைக்கு அடியில் தமிழர்கள் எவ்வாறு பேசிக்கொண்டார்கள் என்பதைச் சொல்லக்கூடியவர்கள் ஆண்டுதோறும் குறைந்துவருகிறார்கள்.

ரசிகர்கள் செய்ய வேண்டியது இன்னும் சிறியது: பரிந்துரையின் வடிவத்தை மாற்றுவது. எந்த ஆல்பம், எந்த ஆண்டு, எந்தச் சுருதி, எந்த ஆம்ப்ளிஃபயர் என்று நுணுகி எழுதும் சமூகத்துக்கு, எந்தக் காதடைப்பான், அரங்கில் எந்த இடம், எத்தனை பாடலுக்கு ஒருமுறை வெளியே வர வேண்டும் என்று சேர்த்து எழுதுவது கடினமன்று. பேவர் ஸீயைப் பரிந்துரைப்பவர் ஒரு இணைக் காதடைப்பானையும் பரிந்துரைக்கட்டும். புதியவரை அரங்குக்கு அழைத்துச் செல்பவர் தன் பையில் கூடுதலாக ஒரு இணை வைத்திருக்கட்டும். டூம் இசையின் நுட்பம் ஒரு ஸ்வரம் தேய்ந்து அடங்கும் நீண்ட இறுதியில் இருக்கிறது. அந்தத் தேய்வைக் கடைசிவரை பின்தொடரும் செவி இருப்பவருக்கே அது முழுமையாகக் கிட்டும். அறுபது வயதிலும் அது கிட்ட வேண்டும்.